காசியில் கேட்ட விபரீதக் கேள்வி

லங்கா முனையில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் எதிரே மாளவியா சிலை, அதைத் தாண்டி பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் பெரிய வாசல். அரைவட்டமாக வளையும் சாலைகளில் விசாரித்து விசாரித்துச் சட்டத் துறைக்கு வந்து சேர்ந்தேன். வராந்தாவில் நின்ற மாணவர்களிடம் டீட்டர் கான்ராட் பெயரைச் சொன்னேன். விழித்தார்கள். அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், அதன் அடிப்படையை மாற்றக் கூடாது என்ற ‘அடிப்படைக் கட்டமைப்பு’க் கோட்பாட்டைச் சொன்னதும் ஒருவர் கடகடவென ஒப்பித்தார்: கேசவானந்த பாரதி வழக்கு, 1973 ஏப்ரல் 24, 13 நீதிபதிகள், 7-க்கு 6. தேர்வுக்கு அது போதும்தான்.

1965 பிப்ரவரியில் இந்தச் சட்டத் துறையில் உரையாற்றியபோது ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பேராசிரியர் கான்ராடுக்கு வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்பது பேச்சு. உதாரணத்துக்கு அவர் கேட்ட கேள்விகள் விபரீதமானவை. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் முகலாயப் பேரரசரை மீண்டும் அரியணையில் ஏற்றலாமா? உயிர்வாழும் உரிமையைத் தரும் 21-வது பிரிவையே நீக்கலாமா? இந்தியாவைத் தமிழ்நாடு, இந்துஸ்தான் என்று இரண்டாகப் பிரிக்கலாமா? இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சென்னை மாநிலம் கொதித்துக்கொண்டிருந்த மாதம் அது!

அவருடைய பயம் ஏட்டிலிருந்து வந்ததல்ல. ஜெர்மனியின் வைமார் அரசியல் சட்டத்தின் திருத்த விதியைக் கொண்டே 1933 மார்ச்சில் ஹிட்லர் சர்வ அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டார். சூடுபட்ட ஜெர்மனி, 1949-ல் சில அடிப்படைகளைத் திருத்தவே முடியாது என்று எழுதி வைத்தது. நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. எழுதாவிட்டாலும் எல்லை உண்டு என்பதுதான் கான்ராடின் வாதம்.

வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் 1967-ல் கோலக்நாத் வழக்கில் அதை எடுத்துவைத்தார். நீதிமன்றம் வேறு வழியில் போனது. ஆறு வருடம் கழித்து, அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று முடிவான கேசவானந்த பாரதி வழக்கில் நீதிபதி கன்னா, சென்னையிலிருந்து வந்த ஓர் ஆண்டு மலரில் கான்ராட் எழுதிய கட்டுரையைத் தன் தீர்ப்பிலேயே மேற்கோள் காட்டினார். அந்த வழக்கில் வாதாடிய வழக்கறிஞர் பல்கிவாலாவின் வாதத்திறமையைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறோம். 2001-ல் மறைந்த கான்ராடுக்கு அடிக்குறிப்புதான் மிச்சம். எனக்கு இது உறுத்தல்.

மாணவர்களிடம் அந்தத் தமிழ்நாட்டுக் கேள்வியைப் போட்டேன். “திருத்த அதிகாரம் தரும் 368-வது பிரிவு இருக்கிறதே, பிரிக்கலாம்” என்றார் ஒருவர். “கேசவானந்த பாரதி தீர்ப்பில் நீதிபதிகள் ஷெலத், குரோவர் தந்த அடிப்படைகளின் பட்டியலில் நாட்டின் ஒருமைப்பாடு இருக்கிறது, எப்படிப் பிரிப்பாய்?” என்று இன்னொருவர் பாய்ந்தார். நான் விடைபெற்றதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை.