யாருடைய குதிரை?



துபாயில் ஓட்டுநராகப் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் மேலப்பாளையம் வந்தபோது என்னைச் சந்தித்தார். மைதான் அரங்கில் நடைபெறும் துபாய் உலகக் கோப்பைக் குதிரைப் பந்தயத்தைப் பற்றி வியப்போடு விவரித்தார். 1996இல் தொடங்கிய அப்பந்தயத்தின் முதன்மை ஓட்டத்திற்கு மட்டும் பரிசு 1 கோடியே 20 லட்சம் டாலர். ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் செல்வந்தர்கள் வருகிறார்கள். அவர்களுடைய குதிரைகளும் விமானத்தில் வந்து இறங்குகின்றன.

குதிரைப் பயணம் நம் தாமிரபரணிக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியருக்காக அரபுக் குதிரைகள் கப்பலேறி வந்து இறங்கிய துறை, ஆற்றின் முகத்துவாரத்திலிருந்த காயல். மார்க்கோ போலோ அதைக் குறித்து வைத்திருக்கிறார்.

"பந்தயம் ஹராம்தானே ஹஸ்ரத்?" என்று கேட்டார் மாணவர்.

"ஓட்டம் ஹராம் அன்று, பணம் கட்டிச் சூதாடுவதே ஹராம்" என்றேன். நபி (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். இப்னு உமர் (ரலி) அதில் கலந்துகொண்டார்கள். குதிரை ஒருவருக்கு நற்கூலியாகவும், ஒருவருக்குப் பாதுகாப்பாகவும், பெருமைக்காக வளர்ப்பவருக்குப் பாவச்சுமையாகவும் அமையும் என்ற புகாரி ஹதீஸையும் விளக்கினேன். அவர் மனநிறைவோடு விடைபெற்றார்.

எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அதற்கு இரு வாரங்களுக்கு முன், கிராஅத் போட்டிக்காக ஒரு மாணவனைக் காயல்பட்டினம் அழைத்துச் சென்றிருந்தேன். முதற்பரிசு நமக்கே என்று பலரிடம் சொல்லியும் வைத்திருந்தேன். அவனுக்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை. திரும்பும் பேருந்தில் ஸ்ரீவைகுண்டம் கடந்தும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "தண்ணி வேணுமா ஹஸ்ரத்?" என்று ஒருமுறை கேட்டான். தலையை மட்டும் அசைத்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஓதியது அல்லாஹ்வின் வேதத்தை. நான் எண்ணிக்கொண்டிருந்தது என் பெயரை. கோடிகளும் விமானமும் இல்லாவிட்டாலும், பெருமைக்காகக் குதிரை வளர்த்தவன் நான்தான்.

நபி (ஸல்) அவர்களின் அள்பா என்னும் ஒட்டகத்தை யாரும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமவாசியின் இளம் ஒட்டகம் முந்தியது. தோழர்கள் வருந்தினர். உலகில் உயரும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று அண்ணலார் ஆறுதல் கூறினார்கள். நான் அந்தச் சிறுவனுக்கு அந்த ஆறுதலைக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் சுபுஹுக்குப் பின் அவனை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். தலைகுனிந்து நின்றவன், "அடுத்த வருஷமும் கூட்டிட்டுப் போவீங்களா ஹஸ்ரத்?" என்றான்.

இன்ஷா அல்லாஹ், போவோம். நம் பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பதை மறவாத உள்ளத்தை அவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.