ஸ்டார் ட்ரெக்கில் அரசியல் எப்போது நுழைந்தது?

"ஸ்டார் ட்ரெக்கில் இப்போதெல்லாம் அரசியல் அதிகமாகிவிட்டது" என்று புலம்பும் ரசிகர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. 1966-இல் தொடங்கிய விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் அது. அமெரிக்காவில் நிறவெறி கொதித்துக்கொண்டிருந்த காலத்தில், உஹுரா என்ற கறுப்பினப் பெண்ணைக் கப்பலின் அதிகாரியாக உட்கார வைத்தார்கள். பனிப்போருக்கு நடுவே செக்கோவ் என்ற ரஷ்யரையும் சேர்த்துக்கொண்டார்கள். முகத்தில் எந்தப் பாதி கறுப்பு என்பதற்காக ஓர் இனமே அடித்துக்கொண்டு அழிந்த கதை 1969-இல் வந்தது. பின்னாளில் வந்த டீப் ஸ்பேஸ் நைன் என்ற ஸ்டார் ட்ரெக் தொடரில் மதுக்கடை ஊழியர்கள் சங்கம் அமைத்து வேலைநிறுத்தமே செய்தார்கள்!

புதிய ஸ்டார் ட்ரெக் தொடர்கள் மீது எனக்கும் வருத்தம் உண்டு. அவற்றில் ஒன்றான டிஸ்கவரியில் வாதம் குறைவு, கண்ணீர் அதிகம். எதிர்த்தரப்புக்கும் நல்ல வசனம் கொடுத்த அந்தப் பழைய எழுத்து இப்போது அரிதாகிவிட்டது. அதைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். அரசியலே வேண்டாம் என்றால், நீங்கள் பார்க்க வேண்டியது வேறு தொடர்.