பூச்சியமும் ஒரு பதிவுதான்



போன தவணை, தரம் 9 பிள்ளையொன்று பாடசாலை வளவில் பத்து நாள் அணில் எண்ணி, செயற்திட்டக் கொப்பியைக் கொண்டு வந்தது. நான்கு நாட்களுக்கு நேரே பூச்சியம். "இப்பிடிக் கிடந்தா புள்ளி குறையும் மகள், ஏதாவது எழுதுங்க" என்று விஞ்ஞானம் படிப்பிக்கும் நாங்கள் இருவருமே சொன்னோம். மறுநாள் எழுதிக்கொண்டு வந்தது. புள்ளியும் போட்டோம்.

பிறகுதான் அமெரிக்காவின் அரிசோனாவில், போர்ட்டல் என்ற சிற்றூருக்கு அருகே பாலைநிலத்தில் நடக்கும் எலிக் கணக்கெடுப்பைப் பற்றி வாசித்தோம். 1977இல் ஜேம்ஸ் பிரவுன் என்ற சூழலியலாளரும் சகாக்களும் தொடங்கியது. 50 மீற்றருக்கு 50 மீற்றராக 24 துண்டு நிலம், சுற்றிவர வேலி. சில வேலிகளில் சின்னத் துவாரம் மட்டும். சிறிய எலிகள் நுழையலாம், கங்காரு எலி நுழைய முடியாது. பின்னங்காலால் துள்ளி, கன்னப் பையில் விதை சுமந்து, தண்ணீர் குடிக்காமலே வாழக்கூடிய பிராணி அது.

நிலா வெளிச்சத்தில் அது வெளியே நடமாடுவது குறைவு. அதனால் நாங்கள் பிறைக்கு வானம் பார்ப்பதுபோல, அவர்களும் நிலாவைப் பார்த்தே நாள் குறிக்கிறார்கள். மாதாமாதம் அமாவாசையை ஒட்டி, துண்டுக்கு 49 பொறிப்பெட்டிகள், உள்ளே சிறுதானியம். விடிந்ததும் இனம், ஆணா பெண்ணா, நிறை எல்லாம் எழுதி, அடையாளமிட்டு விட்டுவிடுவார்கள்.

1990இல் பிரவுனும் ஹெஸ்கியும் முடிவை வெளியிட்டார்கள். கங்காரு எலிகளை விலக்கிய நிலத்தில் 12 வருடத்தில் உயரமான புற்கள் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தன. புல்வெளிக்குரிய எலிகளும் குடியேறியிருந்தன. பற்றைக்காடாகக் கிடந்த பாலைநிலம் புல்வெளியாக மாறிக்கொண்டிருந்தது. ஓரிரு வருடத்தில் மூட்டை கட்டியிருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

எங்களைச் சுட்டது வேறொன்று. பொறி வைத்தும் ஒன்றும் சிக்காத இரவு, பொறியே வைக்காத இரவு, இரண்டையும் அவர்கள் பிரித்தே பதிகிறார்கள். முதலாவது பூச்சியம். இரண்டாவது வெற்றிடம். இரண்டும் ஒன்றில்லை.

எங்கள் பிள்ளை எண்ணிப் பார்த்துத்தான் பூச்சியம் போட்டது. நாங்கள்தான் பொய் எழுத வைத்தோம்.

போன கிழமை கூப்பிட்டு, "உங்கட பழைய கணக்கு இருக்கா மகள்?" என்று கேட்டோம்.

"நீங்க சொன்னதும் அழிச்சிட்டன் சேர்."

மன்னிப்புக் கேட்டோம். திங்கட்கிழமையிலிருந்து திரும்பவும் எண்ணுகிறது. முதல் நாள், பூச்சியம். பக்கத்தில் நாங்கள் இருவரும் ஒப்பமிட்டிருக்கிறோம்.