விரல் நுனியில் தமிழ்

நுழையும்முன்

கணினித் திரையில் தமிழ் எழுத்தைக் காண்பது இன்று இயல்பாகிவிட்டது. அந்நிலை ஒரே நாளில் வந்ததில்லை. சிறிய மென்பொருள்கள் சிலவும், அவற்றைப் பயன்படுத்தியவாறே குறை சொல்லியும் தாமே வழி கண்டும் வந்த மக்கள் பலரும் சேர்ந்து அமைத்த பாதை அது.

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் ஊர்ப்பக்கம் வழங்கும் சொலவடைகளைப் பல ஆண்டுகளாகத் திரட்டிக் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். பழைய கணினி பழுதடையவே, கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றினார். திறந்து பார்த்தபோது ஒரு தமிழெழுத்தும் இல்லை. கோடுகளும் புள்ளிகளும் தலையில் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளே பக்கந்தோறும் நிறைந்திருந்தன. சொலவடைகளைச் சொன்ன முதியோர் பலர் மறைந்துவிட்டனர். மீண்டும் கேட்டு எழுத வழியில்லை. ஆசிரியர் திரையைப் பார்த்தபடியே நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

எழுத்து மறைந்தது ஏன்?

கணினிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். முன்னாளில் ஓர் எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்தே அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் உருவாயின. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையில் அமைத்தனர். அவ்வெழுத்துரு இல்லாத கணினி, எண்ணைப் படித்துத் தனக்குத் தெரிந்த வடிவத்தைக் காட்டியது. கோப்பிலிருந்த எண்கள் அப்படியே இருந்தன. அவற்றைத் தமிழாக்கும் திறவுகோலே தொலைந்திருந்தது.

இச்சிக்கலுக்குத் தீர்வாக வந்தது ஒருங்குறி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் அது தனித்தனி எண் வழங்கியது. அதில் 'அ' என்பதன் எண் 2949; 'க' என்பதன் எண் 2965. எந்த எழுத்துருவை மாற்றினாலும் இவ்வெண்கள் மாறுவதில்லை.

மீட்ட வழி

ஆசிரியருக்குக் கைகொடுத்தவர், கணினி அச்சகம் நடத்திவந்த அவருடைய பழைய மாணவர். "ஐயா, எதையும் அழித்துவிடாதீர்கள். முதலில் ஒரு படி எடுத்து வைப்போம்" என்றார் அவர். பழைய கணினியின் வட்டிலிருந்து எழுத்துருவை எடுத்துப் புதிய கணினியில் நிறுவினார். உரை முழுவதையும் தெரிவு செய்து அவ்வெழுத்துருவுக்கு மாற்றியதும் தமிழ் தெரிந்தது. பின்னர், எழுத்துருமாற்றி என்னும் சிறு மென்பொருளால் உரையை ஒருங்குறிக்குக் கொண்டுவந்தார்.

பணி அத்துடன் முடியவில்லை. 'ஔ' என்பதற்கு மாறாக 'ஒ', 'ள' என இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்த இடங்கள் பல. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தேடும்போது 'ஔவையார்' அகப்படமாட்டார். கால் வரவேண்டிய இடத்தில் 'ர' அமர்ந்திருந்ததும் உண்டு. இவற்றை ஆசிரியரே வரிவரியாகத் திருத்தினார். மென்பொருள் எழுத்தை மாற்றித் தரும். பிழை அறிய மொழி அறிந்தவர் வேண்டும்.

கருத்துகள் பல

தமிழைக் கணினியில் எழுத மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் முன்னோடியாய் அமைந்தது. பின்னர் அழகி, எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவை வந்தன. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ் 99 விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது.

எது சிறந்தது என்பதில் பயன்படுத்துவோர் ஒன்றுபடுவதில்லை. தட்டச்சுப் பயிற்சி பெற்றவர் பழைய தட்டச்சு முறையையே விரும்புவர்; பழகிய விரலை மாற்றுவது எளிதன்று. இளையோர் ஒலிபெயர்ப்பு முறையை நாடுவர்; புதிதாக எதுவும் கற்கவேண்டியதில்லை என்பர். ஆயினும், ஆங்கில எழுத்தின் வழியே தமிழை நினைக்கும்போது லகர, ளகர, ழகர வேறுபாடுகளில் தடுமாற்றம் நேர்கிறது. தமிழ் 99 முறையைப் பயின்றவரோ அதன் இலக்கண ஒழுங்கைச் சுட்டுவர். அதில் 'அ', 'ம', 'ம', 'ஆ' என நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும். இடையிலுள்ள புள்ளி தானே அமையும். 'ங' என்பதை அடுத்துக் 'க' தட்டினாலும் அவ்வாறே 'ங்க' என்றாகும். தொடக்கத்தில் சில நாள்கள் விரல் தயங்கும். பழகியபின் தமிழைத் தமிழாகவே எழுதலாம். ஆகவே, இனிக் கற்கத் தொடங்குவோர்க்கு இம்முறை ஏற்றது.

பயன்படுத்துவோர் கடமை

சிறிய மென்பொருள்களை ஒருவரோ ஒரு சிலரோதான் உருவாக்குகின்றனர். எல்லாக் கணினியிலும் அவர்களால் சோதித்துப் பார்க்க இயலாது. "இது வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்வதால் அவர்களுக்குப் பயனில்லை. எந்தக் கணினியில், எந்த விசையை அடுத்து எதை அழுத்தியபோது என்ன தோன்றியது என்று எழுதினால், அதுவே அடுத்த பதிப்பின் திருத்தமாகும். கண்டறிந்த எளிய வழியைப் பிறர்க்குச் சொல்வதும் அத்தகைய உதவியே.

இப்போது அவ்வாசிரியரின் சொலவடைகள் ஒருங்குறியில் உள்ளன. இரண்டு இடங்களில் படிகளும் உள்ளன. அவர் தமிழ் 99 பழகிவருகிறார். விரல் இன்னும் தயங்குகிறது. நாள்தோறும் ஒரு சொலவடையைச் சேர்க்கிறார்.