பத்து மணித் தேநீர்

ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு நாளில் ஒரு பொழுதேனும் மணியடித்தாற்போல் அமைய வேண்டும்; இல்லையேல் முப்பதாண்டுப் பழக்கம் அவரை உறுத்திக்கொண்டே இருக்கும். பேராக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் அந்தத் தமிழாசிரியருக்கு அப்பொழுது காலைப் பத்து மணி. பள்ளியில் இடைவேளை மணி ஒலித்த நேரம் அது. சந்தைக்கு எதிரேயுள்ள ஒட்டுக்கடையில் நண்பர் நால்வரோடு அமர்ந்து, பால் ஊற்றி நுரைபொங்க ஆற்றிய தேநீரைப் பருகி, நாளேட்டின் பிழைகளைத் திருத்திவிட்டுத்தான் வீடு திரும்புவார். இனிப்பு நீர் நோய் கண்டபின் தேநீரில் சர்க்கரையை விட்டார், தேநீரை விடவில்லை.

இருபதாண்டுகளாக உடனுறைந்த அந்நோய் மெல்ல மெல்ல அவருடைய சிறுநீரகங்களைத் தேய்த்துவிட்டது. அவற்றின் வடிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே எஞ்சியிருப்பதாக அரசாங்க மருந்தகத்தில் கூறினார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.4 கிராம். ஆடவர்க்கு அது 13-க்குக் குறைந்தாலே சோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எண்ணைக் கேட்டபோது அவர் கலங்கவில்லை. கோயில் மண்டபத்து மாடியில், தேர்வெழுதும் மாணவர்க்குச் சனிக்கிழமைதோறும் நடத்திவந்த இலக்கிய வகுப்பை நிறுத்த நேர்ந்தபோதுதான் கலங்கினார். பதினெட்டுப் படிகள், இடையில் இருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. வகுப்பில் நின்றபடி ஒரு பாடலை முழுமையாகச் சொல்ல முடியவில்லை.

சோகை என்ற சொல் அவருக்குப் புதிதன்று. கரும்பின் காய்ந்த தோகையையும் சோகை என்று சொல்வதுண்டென மாணவர்க்குச் சொல்லி, பசுமை வற்றி வெளிறுதல் இரண்டுக்கும் பொது என்று விளக்கியவர் அவர். அந்நோயை அவர் முதலில் கண்டதும் புத்தகத்தில் அன்று, தோட்டத்து லயத்தில். வெறுங்காலோடு பால்மரக் காட்டில் உழைத்தவர்களின் உடலில் கொக்கிப்புழு புகுந்து குருதியை உறிஞ்ச, தோட்டத்து டிரெசர் புழு மருந்தும் இரும்பு மருந்தும் கொடுத்த காலம் அது. அன்னையார் பல்லில் கறைபடாதிருக்க அம்மருந்தை நாவின் பின்புறம் ஊற்றிக்கொண்டது அவர் நினைவில் நிற்கிறது. அந்தச் சோகை இரும்பு கொடுத்தால் தீர்ந்தது. தம்முடையதும் அவ்வாறே தீருமென அவர் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் சிறுநீரகச் சோகை வேறு வகையானது. சிறுநீரகம் கழிவை வடிக்கும் சல்லடை மட்டுமன்று. குருதிச் சிவப்பணுக்களை ஆக்குமாறு எலும்பு மஜ்ஜைக்கு ஆணையிடும் எரித்ரோபொயெட்டின் என்னும் சுரப்பையும் அதுவே அனுப்புகிறது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் கோல்ட்வாசரும் அவர்தம் குழுவினரும் 2,550 லிட்டர் சிறுநீரை வடித்து வடித்து அப்பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தது 1977-இல். அதனைச் செயற்கையாக ஆக்கி ஊசிமருந்தாக வழங்க அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 1989-இல். ஆணை வந்தாலும் அணுவை ஆக்க இரும்பு வேண்டும். நோயுற்ற சிறுநீரகம் உடையோரிடத்து ஹெப்சிடின் என்னும் பொருள் மிகுந்து, குடலிலிருந்து இரும்பு உள்ளே செல்லும் வாயிலை ஒருக்களித்து மூடிவிடுகிறது. ஆதலால் இவர்கள் விழுங்கும் இரும்பில் உடலைச் சேர்வது சிறிதளவே. அச்சிறிதளவையும் வீணாக்காதிருத்தல் மிக இன்றியமையாதது.

அவரோ வீணாக்கினார். மருத்துவர் தந்தவை 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபூமரேட் மாத்திரைகள். (அந்த 200 முழுவதும் இரும்பன்று, ஒரு மாத்திரையில் உள்ள இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராம்தான்.) நாளுக்கு ஒன்று. மருந்துப் புட்டியை நண்பர் முன் எடுக்க நாணி, மாத்திரைகளைப் பழைய புதினாமிட்டாய்த் தகரப்பெட்டி ஒன்றில் இட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பத்து மணிக்கு, எவரும் காணாத நொடியில், தேநீரோடு ஒன்றை விழுங்கினார். இரண்டாம் வாரம் மலம் கறுத்தது. அஞ்சி எட்டு நாள் நிறுத்தினார், யாரிடமும் சொல்லவில்லை. மீண்டும் தொடங்கியபோது மலச்சிக்கல் வந்தது. அதற்குக் கடையில் வெண்ணிறப் பேதிமருந்து ஒன்றை வாங்கினார். இரத்தம் ஊறட்டும் என்று மனைவியார் பேரீச்சம்பழமும் பீட்ரூட் சாறும் முருங்கைக்கீரையும் மாறி மாறிக் கொடுத்தார். அண்டை வீட்டார் அன்போடு ஒரு செந்தூரத்தைக் கொண்டுவந்தார்.

மூன்று திங்கள் கழித்துச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 9.3. மருத்துவர் அளவைக் கூட்டுவதற்கு முன், மருந்தாளரை ஒருமுறை பார்த்து வருமாறு பணித்தார். மருந்தாளர் அவரிடம் ஐந்தாம் ஆண்டில் தமிழ் பயின்ற மாணவியாக அமைந்தார்.

“ஐயா, இதை எதனோடு விழுங்குகிறீர்கள்?”

“தேநீரோடுதானம்மா. பத்து மணிக்கு.”

அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். முன்னாள் மாணவி வினவ ஆசிரியர் தலைகுனிந்து விடை கூறிய அந்த அரைமணி நேரத்தில்தான் உண்மை முழுவதும் வெளிப்பட்டது. தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பற்றிக்கொண்டு குடலில் சேரவிடாது. பாலிலுள்ள சுண்ணாம்புச்சத்தும் அவ்வாறே தடுக்கும். உணவிலுள்ள பாஸ்பரசைக் கட்டுப்படுத்த அவர் சாப்பாட்டோடு உண்ணும் கால்சியம் கார்பனேட் மாத்திரையும் இரும்புக்குப் பகை. ஆகவே கால்சியத்துக்கும் இரும்புக்கும் இடையே இரண்டு மணி நேரமேனும் இருத்தல் நலம். காலை ஏழு மணிக்குச் சிற்றுண்டியோடு கால்சியம். பத்து மணிக்குத் தண்ணீரோடு இரும்பு. தேநீர் நண்பகலுக்குப் பின். வயிறு புரட்டினால் இரண்டு ரொட்டித்துண்டு உண்ணலாம். டாக்சிசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை எப்போதேனும் தந்தால், இரும்பு உண்பதைச் சொல்லி இடைவெளியைக் கேட்டறிய வேண்டும். தைராய்டு மருந்து உண்போர்க்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

மலம் கறுப்பது இரும்பின் இயல்பே, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தார்போல் ஒட்டி, கடுநாற்றத்தோடு போய், தலை சுற்றினால் அது குடலில் குருதி கசிவதன் அறிகுறியாகலாம். அப்போது மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கருதி வாளாவிருப்பது கேடு. பேதிமருந்தின் பெயரைக் கேட்டதும் மருந்தாளரின் முகம் மாறிற்று. அது மக்னீசியம் கலந்தது. நலிந்த சிறுநீரகம் மக்னீசியத்தை வெளியேற்ற மாட்டாது தேக்கிக்கொள்ளும். மலச்சிக்கலுக்கு ஏற்ற வேறு மருந்தைத் தாமே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கித் தந்தார்.

மனைவியாரின் அன்பைப் பற்றிச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. பேரீச்சை, பீட்ரூட், கீரை ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. நல்ல சிறுநீரகம் உடையோர்க்கு உணவானது இவருக்கு இதயத்துடிப்பையே குலைக்கும் நஞ்சாகக் கூடும். இரும்பு நன்கு சேர ஆரஞ்சுச்சாற்றோடு விழுங்குக என்று பிறர்க்குக் கூறும் அறிவுரையும் இவருக்குப் பொருந்தாது. வைட்டமின் சி மாத்திரைகளை மிகுதியாக உண்டால் ஆக்சலேட் என்னும் உப்பு உடலில் படியும். ‘பெலிம்பிங்’ என்று மலாய்க்காரர் கூறும் நட்சத்திரப்பழத்தையோ தொடவே கூடாது. சிறுநீரக நோயாளரின் மூளையைத் தாக்கி உயிரையே பறிக்க வல்லது அது.

செந்தூரத்தைப் பற்றிய பேச்சில் ஆசிரியர் சற்று வாதிட்டார். சித்த மருத்துவத்தில் அன்னபேதி எனப்படுவது இரும்பின் சல்பேட்டுதானே. வெளிறிய நோயைப் பாண்டு என்று பெயரிட்டு இரும்பைக் கொடுத்தவர்கள் நம் முன்னோரல்லரோ என்றார். உண்மைதான். பிரான்சு நாட்டில் பிளாட் என்னும் மருத்துவர் 1832-இல் தம் இரும்பு மாத்திரையைப் பற்றி எழுதியதற்கு முன்பே இரும்பு மருந்தாக இருந்தது. “அதனால்தான் ஐயா வேண்டாம் என்கிறேன். அதுவும் இரும்பு, இதுவும் இரும்பு. எவ்வளவு சேர்ந்தது என்று எப்படிக் கணக்கிடுவது?” என்றார் மாணவி. மிகுந்த இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. அது கல்லீரலிலும் இதயத்திலும் தங்கும். ஃபெரிட்டின் அளவைச் சோதித்துச் சோதித்து மாத்திரை கொடுப்பது அதற்காகவே. இரும்பைக்கொண்டே ஆக்கிய வேறு வகை மாத்திரைகளும் இன்று உலகில் உண்டு. உணவிலுள்ள பாஸ்பரசைப் பற்றிக்கொள்ளும் அவற்றில் ஒன்றை மென்று விழுங்க வேண்டும், மற்றொன்றை மெல்லாது விழுங்க வேண்டும். இரும்பு என்று கேட்டமாத்திரத்தில் பிறர் மருந்தை வாங்கி உண்பது எத்துணை மடமை!

இறுதியில், மாத்திரைகளை அவற்றுக்குரிய புட்டியிலேயே, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்குமாறு மருந்தாளர் கூறினார். ஆசிரியர் தலையசைத்தார். மற்றவற்றை எல்லாம் அன்றே கடைப்பிடித்தவர், இதனை மட்டும் விட்டுவிட்டார். வீட்டில் குழந்தை இல்லை என்பது அவர் எண்ணம்.

பள்ளி விடுமுறைக்கு வந்தாள் நான்கு வயதுப் பேத்தி. மிட்டாய்ப் பெட்டி மேசைமேல் இருந்தது. பாட்டியார் கண்டபோது பெட்டி திறந்திருந்தது, தரையில் மாத்திரைகள், குழந்தையின் உதட்டில் செம்பழுப்புக் கறை. ஆசிரியருக்கு ஒரு பழக்கம் இருந்தது: உண்ட மாத்திரையை வருகைப் பதிவேடுபோல் குறிப்பேட்டில் குறித்துவந்தார். இருபத்தைந்து இருக்க வேண்டும். இருபத்திரண்டும், நக்கித் துப்பிய ஒன்றும் இருந்தன. இரண்டைக் காணவில்லை. வாந்தியை வருவிக்க முயலாமல், புட்டியையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தார்கள்.

குழந்தையின் எடை 16 கிலோ. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராம் இரும்பு சென்றாலே தீங்கு தொடங்கும். 60-ஐத் தாண்டினால் உயிருக்கே இடர். இரண்டு மாத்திரை 130 மில்லிகிராம். கணக்கு ஆறுதல் தந்தது. ஆனால் கணக்கைப் போட்ட கை நடுங்கிற்று. பதினைந்து மாத்திரைகளே அந்தச் சிறு உடலை உயிரிடருக்குள்ளாக்கப் போதும். முதலில் வாந்தி, பின் தெளிந்தாற்போன்ற அமைதி, அதன்பின் கல்லீரல் சிதைவு என இரும்பு நஞ்சு ஏமாற்றி வருமாதலால், குழந்தை விளையாடிக்கொண்டிருந்த போதும் மருத்துவர்கள் உடனே அனுப்பிவிடவில்லை. ஊடுகதிர்ப் படத்தில் வயிற்றில் ஒன்றும் தென்படவில்லை. இரவு வீடு திரும்பினாள். காணாமற்போன இரண்டும் மறுநாள் நாற்காலி மெத்தைக்கு அடியில் கிடைத்தன. ஆசிரியர் அன்று உண்ணவில்லை.

அடுத்த மூன்று திங்களில் ஹீமோகுளோபின் 10.3 ஆயிற்று. அதற்குமேல் ஏறாவிடில் இரும்பை நரம்பு வழியே ஏற்ற வேண்டியிருக்கும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். ஊசி என்றால் முகஞ்சுளித்தவர் இப்போது மறுப்பதில்லை. சனிக்கிழமை வகுப்பு மீண்டும் தொடங்கியிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மாறாக ஒரு மணி நேரம், மாடியில் இன்றிக் கீழ் மண்டபத்தில். நண்பர்களில் மூவர் தேநீரை மாலை நான்கு மணிக்கு மாற்றிக்கொண்டனர். நான்காமவர் இன்னும் பத்து மணிக்கே வந்து தனியே குடித்துவிட்டுப் போகிறார்.

புட்டி இப்போது சுவரலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. சாவி மனைவியாரின் இடுப்பில். நாள்தோறும் பத்து மணிக்கு ஆசிரியர் அவரிடம் கேட்டுத்தான் ஒரு மாத்திரையைப் பெற வேண்டும்.