கலியாணப் பரிசும் ஓலைப் பெட்டியும்

சென்ற வைகாசி மாதத்தில் நமக்கு ஒரு கலியாணப் பத்திரிகை வந்தது. மணமகள் நம்மிடம் சரித்திரப் பாடம் படித்த மாணவி. இப்பொழுது தானே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறாள். மணம் நிகழும் ஊர் மாப்பிள்ளையூரணி. தூத்துக்குடிக்கு வடக்கே, நகரத்தை ஒட்டினாற்போல் இருக்கும் ஊர். ஊரணி என்பது ஊரார் தண்ணீர் எடுக்கும் குளம் என்று தென்பாண்டி நாட்டு நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பெயரிலேயே மாப்பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் ஊருக்குக் கலியாணத்தை முன்னிட்டுப் போவது வெகு பொருத்தம் என்று எண்ணிக்கொண்டோம்.

பரிசு என்ன கொடுப்பது என்ற பிரச்னை எழுந்தது.

"அலமாரியில் மூன்று சுவர்க் கடிகாரங்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் என்ன?" என்றோம்.

நமது இல்லாள் நம்மை ஏற இறங்கப் பார்த்தாள். "அவற்றில் ஒன்று நாலு வருஷத்துக்கு முன் நாம் கொடுத்ததுதான். எங்கெங்கோ சுற்றிவிட்டு நம்மிடமே வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் கையால் எழுதிய வாழ்த்துச் சீட்டுக்கூட அட்டைப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பார்க்கவில்லையா?" என்றாள்.

நாம் பார்க்கவில்லை. நம்மிடமிருந்து அதைப் பெற்றவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். பிரித்துப் பார்க்காமலே கைமாறிக் கைமாறி வருகிற பொருளைப் பரிசு என்று சொல்வதா, மொய் வரவு செலவுக்கு ஓர் அத்தாட்சி என்று சொல்வதா? கொடுக்கிறவன் மனம் வைத்துத் தேடியிருக்க வேண்டும். செய்கிறவன் கை வைத்துச் செய்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாத பொருளுக்கு வண்ணக் காகிதம் சுற்றினால் மட்டும் என்ன பயன்? ஆகவே, கலியாணத்துக்கு முதல் நாளே புறப்பட்டுச் சென்று, அந்தக் கடற்கரைச் சீமையில் மனிதர் கையால் செய்த பொருள் ஒன்றைத் தேடி வாங்குவது என்று தீர்மானித்தோம்.

பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ் பிரயாணம். தாமிரபரணியின் பச்சை கண்ணை விட்டு மறைந்ததும் உடைமரமும் செம்மண்ணும் வருகின்றன. அப்புறம் காற்றிலே உப்புக் கரிக்கிறது. நகரத்தை நெருங்கியதும் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். ஓரங்களில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். உப்பு விளைச்சலில் நம் நாட்டில் கூர்ஜரத்துக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படுவது இந்தப் பிரதேசமே.

தூத்துக்குடி என்றதும் முத்து என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நமக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் முத்துக்குளிப்பு இக்கடலில் 1961-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. பிறகு 1973-ல் இவ்வூரிலுள்ள மத்திய அரசின் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். என்றாலும், கடைகளில் முத்துமாலை என்று தொங்குவதையெல்லாம் கொற்கை முத்து என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏமாற வேண்டியதுதான்.

அடுத்தது சங்கு. முத்தைவிடச் சங்குக்குத்தான் இக்கரையில் ஆயுள் அதிகம். பழைய கொற்கையின் மண்ணிலிருந்து அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன; அக்காலத்தில் அங்கேயே வளையல் அறுத்திருக்கிறார்கள் என்பதற்கு அவையே சாட்சி. பிற்காலத்தில் அந்தக் கைவேலை இங்கே மறைந்து போயிற்று. மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்த சங்கு கப்பலேறி வங்காளத்துக்குப் போயிற்று. அங்கே கலியாணப் பெண்கள் கையில் வெண்சங்கு வளையல் அணிவது மங்கலம். டாக்காவிலும் விஷ்ணுபுரத்திலும் அதை அறுத்துச் சித்திரம் செதுக்குவதற்கென்றே ஒரு வகுப்பார் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேய அறிஞர் இந்தச் சங்கைப் பற்றி 1914-ல் ஒரு நூலே எழுதினார். நமது கடலின் பொருள் வேறு நாட்டு மணமகளுக்குச் சீராகிறது. நாமோ நமது மணமகளுக்குச் சுவர்க் கடிகாரம் கொடுக்கிறோம்!

கடற்கரை அங்காடியிலே சிப்பியாலும் சோழியாலும் செய்த விளக்குகளும் கண்ணாடிச் சட்டங்களும் அழகாகவே இருந்தன. நமது இல்லாள் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாள். காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலை 1986-ல் தேசியப் பூங்காவாக ஆக்கினார்கள். பவளப்பாறைகளும் சில ஜாதிச் சங்கு சிப்பிகளும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. எது ஆகும், எது ஆகாது என்று பிரித்தறியத் தெரியாத நம்மைப் போன்றவர்கள் கைவைக்காமல் இருப்பதே நலம். கையால் செய்தது என்பதற்காக மட்டும் ஒரு பொருள் நல்ல பரிசாகிவிடாது.

பத்தமடைப் பாய் வாங்கலாமா என்றும் யோசித்தோம். கோரையை ஓடும் தண்ணீரில் ஊறவைத்து, நுணுக்கமாகக் கிழித்து, நூற்பாவில் கோத்து நெய்வது அது. மணமக்கள் இருவர் பெயரையும் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். அதைவிடச் சிறந்த கலியாணப் பரிசு தமிழ்நாட்டில் உண்டா என்பது சந்தேகமே. ஆனால் மெல்லிய பாய் வேண்டுமானால் வெகு முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும். முகூர்த்தமோ மறுநாள் காலை. நல்ல பரிசுக்கு முதலில் வேண்டியது பணம் அல்ல, அவகாசம் என்பதை அப்பொழுது உணர்ந்தோம்.

இவ்விதம் வெறுங்கையோடு மாப்பிள்ளையூரணி போய்ச் சேர்ந்தோம். வீடுகள் பெருகி நகரத்தின் சாயல் வந்துவிட்ட ஊர்தான். ஆனால் தருவைகுளம் போகும் திசையில் சிறிது தூரம் நடந்தால் பனைமரங்கள் தென்படுகின்றன. மணமகளின் வீட்டைத் தேடிச் சென்ற வழியில், வேப்ப மரத்தடியில் ஒரு மூதாட்டி ஓலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். அருகில் சுளகும் விசிறியும் கொட்டானும் குழந்தைகளுக்கான கிலுக்கும் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, சிவப்பும் பச்சையும் கட்டம் போட்ட மூடிப் பெட்டி ஒன்று இருந்தது. மூடியில் விளிம்பு கட்டுவது மட்டும் பாக்கி.

"ஆச்சி, இது என்ன விலை?" என்று நமது இல்லாள் கேட்டாள்.

"முந்நூத்தி அம்பது தாயி."

"இருநூறுக்குக் கொடுங்கள்."

மூதாட்டி ஒன்றும் சொல்லவில்லை. நாமும் நம் பங்குக்கு, "இருநூற்றைம்பது என்று முடித்துவிடுங்கள், ஆச்சி. நாங்களும் தூரத்திலிருந்து வருகிறோம்" என்றோம். தூரத்திலிருந்து வந்ததற்கும் விலைக்கும் என்ன சம்பந்தம் என்பது இன்றுவரை நமக்கு விளங்கவில்லை. அவள் சரி என்று தலையை அசைத்தாள். "விளிம்பு கட்டித் தாரேன். செத்த நேரம் இருங்க ஐயா" என்றாள். நூறு ரூபாய் மிச்சம் என்ற திருப்தியோடு திண்ணையில் உட்கார்ந்தோம்.

அந்தச் செத்த நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவளும் கை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். விரியாத குருத்தோலைதான் பெட்டிக்கு ஆகும். அதற்கு மரம் ஏறுகிறவர் வேண்டும். ஏறுகிறவர்களோ ஊரில் குறைந்து வருகிறார்கள். பனை மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலைதான் விடும். ஆகையால் ஒரே மரத்தில் குருத்தை அடிக்கடி வெட்டினால் மரம் நலிந்துவிடும். வெட்டிய குருத்தை விரித்து வெயிலில் வெளுக்கும்வரை காயவைக்க வேண்டும். ஈர்க்கை உரித்து நீக்க வேண்டும். ஒரே அகலமாகக் கிழிக்க வேண்டும். ஓர் இழை அகலம் தப்பினாலும் மூடி சரியாக உட்காராது. சாயத்தைக் கொதிக்க வைத்து ஓலையை முக்கி எடுத்து மறுபடியும் உலர்த்த வேண்டும். அப்புறம் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி முடைய வேண்டும். காய்ந்திருந்தால் ஓலை ஒடியும். அதிகம் நனைந்திருந்தால் முடைந்தபின் தளர்ந்துவிடும்.

"இந்தப் பெட்டிக்கு எத்தனை நாள் ஆயிற்று, ஆச்சி?"

"முடைய மட்டும் ரெண்டு நாளு. ஓலையைப் பக்குவப்படுத்துறது தனி."

நாம் கணக்கு ஆசிரியர் அல்ல. ஆனாலும் அந்தக் கணக்கு நமக்குத் தெரிந்தது. இல்லாளும் நாமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் கைப்பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து நீட்டினாள்.

"இதையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆச்சி. தெரியாமல் பேசிவிட்டோம்."

மூதாட்டி நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. "வேண்டாம் தாயி. பேசினது பேசினதுதான். கடியாரத்துக்கும் மிக்ஸிக்கும் யாரும் பேரம் பேச மாட்டாக; போட்ட விலையைக் குடுத்துட்டு வருவாக. ஓலைக்குத்தான் பேசுவாக. எனக்குப் பழக்கந்தான்" என்று சொல்லிவிட்டு விளிம்பின் கடைசி முடிச்சை இறுக்கினாள்.

எவ்வளவோ சொல்லியும் அவள் அந்த நூறு ரூபாயைத் தொடவில்லை.

இந்தத் தூத்துக்குடியிலேதான் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார் என்று நாம் வருஷந்தோறும் வகுப்பில் சொல்கிறோம். நெசவுச் சாலையும் சுதேசிப் பண்டங்களுக்கான பண்டகசாலையும் அவர் ஏற்படுத்தியதை விஸ்தாரமாக விளக்குகிறோம். பிள்ளைகள் அதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்குகிறார்கள். சொல்லிக்கொடுத்த நாமோ, அதே ஊரின் வாசலில் ஒரு பெண்ணின் இரண்டு நாள் உழைப்பில் நூறு ரூபாயைக் குறைத்துவிட்டுத் திருப்தியாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலையில் கலியாணம் சிறப்பாக நடந்தது. பரிசுகள் வந்து குவிந்தன. அவற்றில் கடிகாரங்களுக்கும் குறைவில்லை. நாம் பெட்டியைக் கொடுத்ததும் மணமகள் அதை உடனே கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "வேப்ப மரத்தடி ஆச்சி முடைந்தது, சார்! அடி மூலையைப் பார்த்தாலே தெரியும்" என்றாள். பிறகு மெதுவாக, "ஆச்சி என்ன விலை சொன்னார்கள், சார்?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். மாணவியிடம் பொய் சொல்ல நா எழவில்லை. "350 சொன்னார்கள். 250 கொடுத்தோம்" என்றோம்.

அவள் ஒரு கணம் பேசாமல் இருந்தாள். "எங்கள் அம்மாவும் பெட்டி முடைந்தவர்கள்தான், சார். பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டிய நாளில் வீட்டிலிருந்த பெட்டிகளெல்லாம் கடைக்காரர் சொன்ன விலைக்கே போய்விட்டன" என்றாள். குற்றம் சாட்டும் தொனியில் சொல்லவில்லை. பழைய விஷயம் ஒன்றைச் சொல்வது போலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, மாலையிலிருந்து உதிர்ந்த பூக்களைப் பெட்டியில் எடுத்துப் போட்டு, அதை மற்றப் பரிசுகளோடு சேர்க்காமல் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்புமுன் மறுபடியும் வேப்ப மரத்தடிக்குப் போனோம். அதே மாதிரி இரண்டு பெட்டிகள் வேண்டும் என்றோம். மூதாட்டி விலை சொன்னாள். மறு வார்த்தை பேசாமல் 700 ரூபாயை முன்பணமாகக் கொடுத்தோம். அவள் எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "பத்து நாள் களிச்சு வாங்க. நல்ல ஓலையாப் பாத்து வைக்கேன்" என்றாள். சொன்னபடியே செய்தாள். ஒன்றில் இப்பொழுது நம் வீட்டுக் கருப்பட்டி இருக்கிறது. மற்றொன்று, அடுத்த கலியாணப் பத்திரிகைக்காகக் காத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தடை உண்டு. பனைமரத்தை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசாங்கம் அறிவித்தது. திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டில் பெண்கள் கூட்டுறவு முறையில் ஓலைப் பொருள்கள் செய்து வெளியூர்களுக்கு அனுப்பி வருகிறார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்கள்தாம். ஆனால் மரம் நின்றால் மட்டும் போதுமா? ஏறுகிறவரும் முடைகிறவரும் நிற்க வேண்டாமா? அது சர்க்கார் உத்தரவில் இல்லை. வாங்குகிற நம் கையில் இருக்கிறது.

ஓலைப் பெட்டியை ஈரம் படாமல் வைத்திருந்தால் அது பல வருஷம் உழைக்கும். நனைந்துவிட்டால் வெயிலில் காயவைத்தால் போதும். அடுத்த முகூர்த்தத்துக்குப் பரிசு தேடும் நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: சற்று முன்னதாகப் புறப்படுங்கள். செய்கிறவர் அருகே சிறிது நேரம் உட்கார்ந்து பாருங்கள். விலையை அதற்குப் பிறகு கேளுங்கள். அப்படிக் கேட்டால் பேரம் பேச வாய் வராது என்பது நமது அனுபவம்.