எத்தனை உழவு மழை?

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் மழை பெய்தால், பெரியவர்கள் "எத்தனை அங்குலம்?" என்று கேட்பதில்லை. "எத்தனை உழவு மழை?" என்றுதான் கேட்பார்கள். மண்ணைக் கிளறி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்த பிறகே விதையைப் பற்றிப் பேச்சு. இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா, நேயர்களே?

என் பெரியம்மாவின் பேரனுக்கு வயது ஏழு. தலைக்குள் கட்டி. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, மிச்சம் மீதியைப் புரோட்டான் கதிரால் அழிக்க வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். பேரனோடு சென்னைக்கு வந்து என் வீட்டில் இறங்கிய பெரியம்மா, காப்பித் தம்ளரைக் கையில் வாங்குமுன்பே கேட்டாள்:

"ஏட்டி, கதிரு கண்ணுக்கே தெரியாதாமே? பச்சப்புள்ள தலைக்குள்ள அது எம்புட்டு ஆழம் எறங்குதுன்னு யாரு கிளறிப் பாக்கா?"

பத்திரிகைக்காரி என்று பெயர்தான். எனக்குப் பதில் தெரியவில்லை! மறுநாளே கதிரியக்கப் பௌதிக நிபுணர் ஒருவரைத் தேடிப் போனேன்.

எக்ஸ் கதிர் உடலைத் துளைத்து மறுபுறம் போய்விடும். புரோட்டான் அப்படியல்ல. கொடுத்த வேகத்துக்குத் தக்க ஆழம் சென்று, நிற்கப்போகும் இடத்தில்தான் தன் சக்தியை மிகுதியாகக் கொட்டிவிட்டு அடங்கிவிடும். இந்தக் குணத்தை வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946-ல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் வில்சன் எழுதினார். தெற்காசியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை நிலையம் 2019-ல் நம் சென்னைத் தரமணியில், அப்போலோவில் திறக்கப்பட்டது.

சரி, காவல் யார்? கதிர் வெளிவரும் முனையில், மெல்லிய தகடுகளுக்கு நடுவே காற்று நிரம்பிய அயனி அறைகள் இருக்கின்றன. புரோட்டான் கடக்கும்போது காற்றில் மின்னூட்டம் பிறக்கிறது. கருவி அதை எண்ணிக்கொண்டே வந்து, குறித்த அளவு எட்டியதும் கதிரை நிறுத்திவிடுகிறது. ஒன்று ஏமாந்தால் பிடிக்க, இன்னொன்றும் கூடவே எண்ணுகிறது. கதிர் இடம் விலகினாலும் கண்டுபிடித்துவிடும்.

"ஆழம்?" என்றேன் விடாமல்.

"குழந்தையின் தலைக்குள் அளவுகோல் வைக்க முடியாது, அம்மா. ஆகவே தினமும் காலையில், முதல் நோயாளி வருமுன், உடலுக்குப் பதில் பிளாஸ்டிக் பாளத்துக்குள் கதிரைச் செலுத்தி, உணர்கருவியால் ஆழம் பார்க்கிறோம். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கவனிப்போம். அதற்கு மேலும் சந்தேகம் மிஞ்சும், அதற்காகச் சில மில்லிமீட்டர் ஓரம் விட்டுத்தான் திட்டமே போடுகிறோம்" என்றார்.

மிஞ்சும் சந்தேகத்தை மறைக்காமல் சொன்னாரே, அதில்தான் எனக்கு நம்பிக்கை பிறந்தது. வீடு திரும்பி, ஒன்று விடாமல் பெரியம்மாவிடம் ஒப்பித்தேன். அவள் வெகுநேரம் பேசவில்லை.

சிகிச்சையின் முதல் நாள் காலை. மூடிய கதவுக்கு வெளியே காத்திருந்தோம். பையன் பொறுமையிழந்து, "இன்னும் என்ன ஆச்சி பண்றாங்க?" என்று சிணுங்கினான்.

பெரியம்மா அவனை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"இருடா ராசா. ஈரம் பாக்காக."